செம்பனைத் தண்டை அறுத்துப் பார்ப்பது எப்படி?

மலேசியத் தோட்டங்களில் 25 வயது தாண்டிய செம்பனைகளை (பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை) சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். தண்டைப் படிக்க அதுதான் தோதான நேரம்.

படி 1: சாய்த்த மரத்தில் நான்கு விரல் கனத்துக்கு ஒரு வட்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். ரம்பக்காரர் முகம் சுளித்தால் ஆச்சரியமில்லை. தண்டில் சிலிக்கா இருப்பதால் ரம்பப்பல் சீக்கிரம் மழுங்கும்.

படி 2: வட்டின் முகத்தைக் கத்தியால் சீவி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆண்டு வளையம் தேட வேண்டாம். இது ஒருவித்திலைத் தாவரம். மரத்தைப் பருக்கவைக்கும் கேம்பியம் இதில் கிடையாது. தெரிவதெல்லாம் கரும்புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாய்க்கற்றை: ஒரு பக்கம் கெட்டியான நார்த்தொப்பி, உள்ளே ஊசி குத்தியதுபோல் நீர்க்குழாய்த் துளை. புள்ளிகளுக்கு இடையில் வெளிறிய மென்திசு, மாவுச்சத்து நிறைந்தது. நகத்தால் அழுத்துங்கள்: நடுவில் பதியும், ஓரத்தில் பதியாது. ஓரத்தில் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்பதே காரணம். மாமரத்துக்கு வைரம் நடுவில், செம்பனைக்கு ஓரத்தில்.

படி 3: அதனால் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு சிறு கட்டைகளை வெட்டித் தனித்தனியாக அளக்க வேண்டும். ஈர எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கட்டையை ஊசியால் குத்தி, பாத்திரத்தில் படாமல் முழுக அழுத்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் அதன் கனஅளவு. இதை அன்றே முடித்துவிடுங்கள். காய்ந்தால் மென்திசு சுருங்கிக் கணக்குக் கெடும், வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள்.

நடுக்கட்டை ஈரத்தில் 64 கிராம், காய்ந்தபின் 16 கிராம், கனஅளவு 64 என்று வைத்துக்கொள்வோம். போன நீர் 48 கிராம். அதை 16-ஆல் வகுத்தால் ஈரப்பதம் 300 சதவீதம். தப்புக் கணக்கில்லை, செம்பனையில் 500 வரைகூடப் போகும். அடர்த்தி 16/64, அதாவது கன மீட்டருக்கு 250 கிலோ. ஓரக்கட்டையில் இது இரட்டிப்பாகவும் வரலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள், பலகை அறுப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

படி 4: மட்டை. காம்பைக் குறுக்கே வெட்டினால் இங்கேயும் அதே புள்ளிகள். முள் இருக்கும், கையுறை போடுங்கள். நிற்கும் மரத்தில் மட்டைகள் சுழல்வரிசையில் அமைந்திருக்கும். நன்கு விரிந்த இளமட்டையை 1 என்று எண்ணத் தொடங்கினால் 9, 17 இரண்டும் அநேகமாக அதன் கீழேயே வரும். உரத்தேவை அறிய இலை எடுப்பது அந்த 17-ஆவது மட்டையில்தான்.