சிறிய எஞ்சின் ஹெட்டில் வால்வைக் கழற்றுவதும் மீண்டும் பூட்டுவதும்

இலங்கையில் 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பல வீடுகளும் கடைகளும் சிறிய பெற்றோல் ஜெனரேற்றர்களை வாங்கின. மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் அவற்றுட் பல படிக்கட்டின் கீழும் பல்கனி மூலையிலும் ஒதுக்கப்பட்டன. மாதக்கணக்கில் ஓடாமல், தாங்கியில் பழைய பெற்றோலோடு, கடற்காற்றின் ஈரத்தில் நின்ற எஞ்சினில் முதலில் பழுதாவது பெரும்பாலும் காபரேற்றர்; அதற்கடுத்து, எரிகலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடும் வால்வு. பெற்றோல் காய்ந்தபின் மிஞ்சும் பசையும் மெல்லிய துருவும் வால்வின் தண்டை, அது ஓடும் கைட் என்ற குழாய்க்குள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இழுகயிற்றை இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாமல் எளிதாக வந்தால், வால்வு மூடவில்லை என்று ஐயப்பட இடமுண்டு.

இங்கு சொல்லப்படுவது, வால்வுகள் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலேயே அமைந்த, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குரியது. ஜெனரேற்றர், நீர்ப்பம்பி, அழுத்தக் கழுவி ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் இவையே. அளவுகளை ஹொண்டா ஜீஎக்ஸ் 160 எஞ்சினுக்குத் தருகிறேன். சந்தையிலுள்ள சீனத் தயாரிப்புகள் பலவும் அதே அமைப்பைப் பின்பற்றுகின்றன. எனினும் உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஹெட்டைத் திறக்கும் முன், வால்வை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகளான ரொக்கர்களின் மூடியை மட்டும் கழற்றிப் பாருங்கள். சில வேளைகளில் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். வால்வும், அது மூடும்போது அமரும் வளையமான சீட்டும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேலேறி, ரொக்கருக்கும் தண்டின் நுனிக்கும் இடையிலான இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது முற்றாக இல்லாமற் போனால், சூடேறியதும் நீளும் வால்வு முழுமையாக மூடாது. குளிர்ந்த நிலையில் நன்றாக இயங்கி, சூடான பின் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுக்கும் எஞ்சினுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு, அப்போது இடைவெளியைச் சரிசெய்தாலே போதும். காபரேற்றர் வழியாகச் சீறினால் உட்கொள் வால்வையும், சைலன்சருக்குள் வெடித்தால் வெளியேற்று வால்வையும் முதலில் ஐயுற வேண்டும். ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டபின் அழுத்தம் தெளிவாகக் கூடினால், குறை பெரும்பாலும் வால்வில் அல்ல, பிஸ்டன் வளையத்தில். அப்படியானால் ஹெட்டோடு நின்றுவிடுவதில் பயனில்லை.

கழற்றத் தொடங்கும்போது எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அது வளைந்துவிடக்கூடும். பெற்றோல் குழாயை மூடி, பிளக், காற்று வடிகட்டி, காபரேற்றர், சைலன்சர், விசிறி உறை ஆகியவற்றை அகற்றுங்கள். பின்னர் இழுகயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரு ரொக்கர்களும் சுமையின்றி இருக்கும். ரொக்கர்களை விலக்கி, அவற்றைத் தள்ளும் கோல்களான புஷ் ரொட் இரண்டையும் வெளியே எடுத்து, ஓர் அட்டையில் துளையிட்டு எது உட்கொள் பக்கம், எது வெளியேற்று பக்கம் என்று எழுதிச் செருகிவையுங்கள். ஒன்றோடொன்று ஓடிப் பழகிய பாகங்கள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஹெட் இன்னும் சிலிண்டரின் மேல் இருக்கும்போது வால்வு ஸ்பிரிங்கைத் தண்டோடு பிடித்திருக்கும் ரிட்டெய்னரை ஒருபோதும் கழற்றாதீர்கள். பிடிப்பு இல்லாத வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். நான்கு ஹெட் போல்ட்டுகளையும் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்புவதை விட, மரச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுவதே நல்லது. அந்த மேற்பரப்பில் விழும் ஒரு கீறல் பின்னர் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைக்கும் புதுக் கஸ்கட்டையும் கசிய வைக்கும். ஹெட்டை இருத்தும் சிறு குழாய் ஊசிகள் இரண்டும் விழுந்து தொலையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வால்வைத் தொடும் முன் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். என் கருத்தில் முழு வேலையிலும் இதுவே மிக முக்கியமான படி. பிளக்கை ஹெட்டில் பூட்டி, எரியறை மேல்நோக்கி இருக்குமாறு ஹெட்டைச் சமமாக வைத்து, அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். முன்கூட்டியே துடைத்து உலர்த்திய உட்கொள், வெளியேற்றுத் துவாரங்கள் இரண்டுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல வால்வில் சில நிமிடம் கழித்தும் துவாரம் உலர்ந்தே இருக்கும். கெட்ட வால்வின் விளிம்பில் ஈரம் பளபளத்து, துளியாகத் திரண்டு இறங்கும். எந்த வால்வு கசிகிறது என்பதை மட்டுமன்றி, விளிம்பின் எந்தப் பக்கத்தில் கசிகிறது என்பதையும் அது காட்டிவிடும். இரண்டும் கசியவில்லையானால், வால்வைக் கழற்ற உங்களுக்குக் காரணமே இல்லை. கஸ்கட் ஊதியிருந்ததா, ஹெட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வுகள் தத்தம் இடத்தில் இருக்கும்போதே எரியறையின் கரியைச் சுரண்டி எடுங்கள், அப்போது சீட் மறைந்து பாதுகாப்பாக இருக்கும். மரச் சீவலும் பித்தளைத் தூரிகையும் போதும், இரும்புக் கருவி வேண்டாம்.

வால்வைப் பிடித்திருக்கும் முறை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஜீஎக்ஸ் 160 போன்றவற்றில் ரிட்டெய்னர் ஒரே துண்டானது. அதன் துளை ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கும். மடித்த துணியையோ சிறு மரக்கட்டையையோ எரியறைக்குள் வைத்து, வால்வின் தலை அதன்மேல் ஊன்றி நிற்குமாறு ஹெட்டை மேசையில் வையுங்கள். வெளியேற்று வால்வின் நுனியில் ஒரு சிறு தொப்பி இருக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது ஒயிலில் ரொக்கரோடு ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு எங்கோ உருண்டு போவது வழக்கம். இரு பெருவிரல்களாலும் ரிட்டெய்னரைக் கீழே அழுத்தி, அகன்ற துளை தண்டுக்கு நேரே வரும்வரை பக்கவாட்டில் நகர்த்தி, அழுத்தத்தை மெதுவாக விடுங்கள். ஸ்பிரிங்கும் ரிட்டெய்னரும் கையோடு வந்துவிடும். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை.

வேறு சில எஞ்சின்களில் இரண்டாகப் பிளந்த சிறு பூட்டுகள் தண்டின் பள்ளத்தைக் கவ்வியிருக்கும். இவற்றுக்கு வால்வின் தலையையும் ரிட்டெய்னரையும் ஒருசேரப் பிடிக்கும் வளைந்த ஸ்பிரிங் அமுக்கி வேண்டும். நாளடைவில் பூட்டுகள் ரிட்டெய்னரோடு இறுகியிருக்கும். எனவே அமுக்கியை மாட்டும் முன், ரிட்டெய்னரின் மேல் ஒரு சொக்கட்டை வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் அவை விடுபடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஹெட்டையும் கைகளையும் பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்து இதைச் செய்தால், பாயும் பூட்டு பைக்குள்ளேயே அகப்படும்.

ஸ்பிரிங் போனதும் வால்வை உடனே உருவி எடுக்க வேண்டாம். தண்டின் நுனியிலும் பூட்டுப் பள்ளத்தின் ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரொக்கர் அடித்து அடித்து நுனி மலர்ந்து, மெல்லிய பிசிறு எழும்பியிருக்கலாம். அப்படியே இழுத்தால் அந்தப் பிசிறு மென்மையான கைட்டை மேலிருந்து கீழாகக் கீறிவிடும். நுண்ணிய அரத்தாலோ எண்ணெய்க் கல்லாலோ அதை நீவிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பசையில் இறுகிய வால்வுக்குக் காபரேற்றர் கழுவும் திரவத்தை விட்டு ஊறவைத்து, சுழற்றிச் சுழற்றி வெளியே கொண்டுவாருங்கள். உட்கொள் வால்வின் தலை வழக்கமாகப் பெரியது. ஆனாலும் இரண்டையும் அட்டையில் எழுதியே வையுங்கள்.

அளவெடுக்க ஒரு மைக்ரோமீற்றர் போதும். ஜீஎக்ஸ் 160 இல் புதிய உட்கொள் வால்வின் தண்டு 5.48 மி.மீ. விட்டமும் வெளியேற்று வால்வின் தண்டு 5.44 மி.மீ. விட்டமும் கொண்டவை, 5.318, 5.275 மி.மீ. என்பன முறையே அவற்றின் தேய்மான எல்லைகள். தண்டின் ஓடும் பகுதியில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள். தலையின் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தாலும், ஓரிடத்தில் எரிந்து பள்ளமாகியிருந்தாலும் அந்த வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் காப்பாற்ற முனைவது வீண். ஸ்பிரிங்கைச் சமதளத்தில் நிறுத்தி, மூலைமட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள், சாய்ந்தால் மாற்றுங்கள். கைட் தேய்ந்திருந்தால், ஹெட்டைச் சூடாக்கிப் புதியதை இறக்கி ரீமர் போடும் வேலையை லேத் வேலைத்தளத்திடமே ஒப்படையுங்கள்.

புதிய வால்வுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகிறவர் பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும். எஞ்சினின் பெயரைச் சொல்லிக் கேட்பது மட்டும் போதாது. மொத்த நீளம், தலையின் விட்டம், பூட்டுப் பள்ளத்தின் அமைப்பு ஆகிய மூன்றையும் கடை மேசையிலேயே ஒப்பிடுங்கள். தண்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டி, அது துள்ளாமல் உருள்கிறதா என்றும் பாருங்கள். கஸ்கட்டையும், ஒயில் கசியாமல் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர்ச் சீலையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை.

சீட்டில் வால்வை அமர்த்தத் தேய்க்கும்போது, வால்வின் முகத்தில், அதாவது சீட்டில் படியும் சாய்ந்த விளிம்பில், மூன்று நான்கு இடங்களில் மட்டும் வால்வு பேஸ்டைப் பொட்டாக வையுங்கள். தண்டில் ஒரு துளி ஒயில் விட்டு வால்வை இறக்கி, ரப்பர் உறிஞ்சி பொருத்திய கோலைத் தலையில் ஒட்டி, மத்தைக் கடைவதுபோல இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் முன்னும் பின்னுமாக உருட்டுங்கள். சில சுற்றுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி, மீண்டும் இறக்க வேண்டும். இல்லையெனில் வட்டக் கோடுகள் விழும். கரகரப்பு ஒலி அடங்கி வழுவழுப்பாகும்போது துடைத்துப் பாருங்கள். எங்கும் அறுபடாத, சீரான சாம்பல் நிற வளையம் முகத்தின் நடுவே தெரிய வேண்டும். அதன் அகலம் 0.8 மி.மீ. அளவில் இருப்பது சிறப்பு, 2.0 மி.மீ. ஐத் தாண்டினால் சீட்டை வெட்டியே திருத்த வேண்டும். அதிகம் தேய்த்தால் அதிகம் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வளையத்தை அகலமாக்கி, அமரும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஐயமிருந்தால் சீட்டின் குறுக்கே பென்சிலால் நெருக்கமாகக் கோடுகள் இழுத்து, பேஸ்ட் இல்லாமல் வால்வை இறக்கிக் கால் சுற்றுத் திருப்புங்கள். எல்லாக் கோடுகளும் நடுவில் அறுந்திருந்தால் வால்வு முழு வட்டத்திலும் தொடுகிறது.

பேஸ்டின் ஒரு மணிகூட மிஞ்சக்கூடாது. அது கைட்டுக்குள் தங்கினால் தண்டை அரித்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பின் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் தூரிகையால் கைட்டை ஊடுருவித் தேய்த்து, காற்றடித்து, உடனே ஒயில் பூசுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் வெறும் உருக்குச் சீட் வேகமாகத் துருப்பிடிக்கும்.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை. ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும். சீல் உள்ள எஞ்சினில், வால்வை இறக்கியபின் சீலை மேலிருந்து அணிவிப்பதானால், தண்டின் பள்ளத்தை மெல்லிய ஒட்டுநாடாவால் சுற்றிக்கொள்ளுங்கள், அதன் ஓரம் ரப்பரைக் கிழித்துவிடும். சில எஞ்சின்களில் சீல் உட்கொள் வால்வுக்கு மட்டுமே உண்டு. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை ஹெட்டின் பக்கம் வரவேண்டும். பிளந்த பூட்டுகளைக் கிறீஸ் தடவி ஒட்டவைத்தால் அமுக்கியை விடும்வரை நழுவா. பூட்டியபின் தண்டின் நுனியில் மென்சுத்தியலால் ஓரிரு தட்டுத் தட்டி எல்லாம் இருக்கையில் அமர்ந்தனவா என்று பாருங்கள். பின்னர் மண்ணெண்ணெய்ச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். இப்போதும் கசிந்தால் ஹெட்டைப் பூட்டாதீர்கள். மேசையில் கிடக்கும்போது திருத்துவது சிறுவேலை.

நேர்க்கோலையும் ஃபீலர் கேஜையும் வைத்து ஹெட்டின் பரப்பை மூலைக்கு மூலை பாருங்கள், வளைவு 0.10 மி.மீ. ஐத் தாண்டலாகாது. குழாய் ஊசிகளை இருத்தி, புதுக் கஸ்கட்டை எந்தப் பசையும் பூசாமல் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இரண்டு மூன்று கட்டமாக 24 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். புஷ் ரொட்டின் அடிமுனை, அதைக் கீழிருந்து தள்ளும் டப்பெட்டின் குழிக்குள் இறங்கியதா என்பதைக் கையால் உணர்ந்தே ரொக்கரை மாட்ட வேண்டும். வழுகிய புஷ் ரொட் முதல் இழுப்பிலேயே வளைந்துவிடும்.

இடைவெளி வைக்கும்போது எஞ்சின் குளிர்ந்து, பிஸ்டன் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வேண்டும். கயிற்றை இலகுவாக இழுக்க உதவும் அழுத்தக் குறைப்பி, உச்சிக்குச் சற்று முன்பு வெளியேற்று வால்வை மயிரிழை அளவு தூக்கிவிடும். அந்த நிலையில் வைத்த இடைவெளி பிழையாகும். எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் உச்சிக்குக் கொண்டுவந்து இன்னொருமுறை அளப்பது இதைப் பிடித்துவிடும். உட்கொள் வால்வுக்கு 0.15 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 0.20 மி.மீ., இரண்டுக்கும் 0.02 மி.மீ. கூடக் குறைய இருக்கலாம். பூட்டுச் சுரையை இறுக்கும்போது அளவு நகரும். ஆதலால் இறுக்கியபின் ஃபீலர் கேஜை மறுபடியும் செருகிப் பாருங்கள்.

மூடியைப் பூட்டி, புதுப் பெற்றோல் விட்டு, சுமை எதுவும் கொடுக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். முழுதாகக் குளிர்ந்தபின் இடைவெளியை ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். புதிதாகத் தேய்த்த சீட் சற்று அமர்ந்திருக்கும், வெளியேற்றுப் பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருப்பதைக் காண்பீர்கள்.