பிள்ளையின் கண் ஒட்டிக்கொண்டால் தோட்டத்திலிருந்து எங்கே போவது?

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை எழுப்புகிறீர்கள். ஒரு கண் திறக்கிறது, மற்றது திறக்கவில்லை. இமை மயிர்கள் மஞ்சள் பூளையில் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடக்கின்றன. என் மகளுக்கு இரண்டு வயதில் இப்படி ஆனபோது, அண்ணனுக்கு முன்பு வாங்கி மிஞ்சியிருந்த சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் இமை வீங்கிவிட்டது. அந்த மூன்று நாளை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துடைத்துவிட்டுப் பாருங்கள்

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூடிய இமையின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். காய்ந்த பூளை இளகியதும் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. மற்றக் கண்ணுக்குப் புதிய பஞ்சு. காய்ந்ததைப் பிய்த்து எடுக்காதீர்கள், பிள்ளைக்கு வலிக்கும்.

பிறகு பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லயத்து அறையின் மங்கிய விளக்கில் சிவப்பும் வீக்கமும் சரியாகத் தெரியாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

பிள்ளை பிறந்து 28 நாட்களுக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கண் சிவந்தாலோ, இமை வீங்கினாலோ, பூளை வழிந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிரசவத்தின்போது தொற்றும் சில கிருமிகள் பச்சிளம் குழந்தையின் கண் பார்வையையே பறித்துவிடக்கூடியவை. தாய்ப்பாலைக் கண்ணில் விட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அதை நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள்.

வளர்ந்த பிள்ளை என்றாலும் சில அறிகுறிகளுக்கு அன்றே போக வேண்டும்: இமை வீங்கிக் கண் மூடிக்கொள்வது, கூடவே காய்ச்சல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைப் புதைத்து அழுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல், கண்ணில் குச்சி குத்தியது. மருந்தடிக்கும் தோட்டத்தில் களைகொல்லியோ உரமோ கண்ணில் பட்டிருந்தால், முதலில் சுத்தமான நீரை இருபது நிமிடமாவது கண்ணில் ஓடவிட்டுவிட்டுப் பிறகு புறப்படுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், கொஞ்சம் சிவப்பும் பூளையும் மட்டும், பிள்ளையும் விளையாடுகிறது என்றால் தோட்டத்து மருந்தகத்திலோ பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டலாம். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரான மிட்வைஃபிடமும் கேளுங்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கண் வைத்திய நிபுணரிடம் போகும்படி சொன்னால் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் கண் பிரிவு உண்டு. கிளினிக் எந்த நாள் என்று துண்டு எழுதித் தருபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து விடிகாலை பஸ் ஏறி, அன்றைக்குக் கிளினிக் இல்லை என்று திரும்பி வரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பெயரும், அதாவது அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

நிலைமை மோசமாகி வாகனமும் கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

பிள்ளையின் கிளினிக் புத்தகம். ஏற்கனவே மருந்து போட்டிருந்தால் அந்தப் போத்தல். வைத்தியர் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். நான் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். எந்தக் கண், எந்த நாளில் தொடங்கியது, காய்ச்சல் உண்டா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத வைத்தியரிடம் சிங்களத்தில் "எஹெ ரிதெனவா" என்றால் கண் வலிக்கிறது, "உண தியெனவா" என்றால் காய்ச்சல் இருக்கிறது. தமிழில் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள். தமிழும் இலங்கையின் அரச கரும மொழிதான்.

பாமசியில் நீங்களாக வாங்காதீர்கள்

கண் சிவந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அல்ல. வைரஸால் வந்ததற்கு அன்டிபயோடிக் சொட்டு பயன்படாது. ஸ்டெரொய்ட் கலந்த சொட்டு சில தொற்றுகளை மோசமாக்கிக் கருவிழியையே கெடுத்துவிடும். திறந்து ஒரு மாதம் கடந்த போத்தலை எறிந்துவிடுங்கள்.

சொட்டு விடும் விதம்

துள்ளும் பிள்ளையின் இமையைப் பிரிக்கப் போராட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, கண் மூடியிருக்கும்போதே மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். கண் திறக்கும்போது மருந்து தானாக உள்ளே இறங்கும். போத்தல் முனை இமையில் படக் கூடாது. கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாட்கள் முழுவதும் விடுங்கள்.

துவாயும் தலையணை உறையும் பிள்ளைக்குத் தனியாக இருக்கட்டும். பூளை நிற்கும்வரை, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே ஒரு கையிலிருந்து எல்லாக் கண்களுக்கும் போய்விடும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், மருந்து முடியும்வரை காத்திருக்காமல் அதே போத்தலோடு திரும்பிப் போங்கள்.