பெண்களுக்கான ஆல்-மவுண்டன் ஸ்கீ: வாங்குவதற்கு முன் சறுக்கிப் பார்க்கும் முறை

மூன்று பருவங்கள் கனடாவின் மேற்கிலுள்ள பனிச்சறுக்குத் தலமான விஸ்லரில் வாடகை ஸ்கீயிலேயே காலத்தை ஓட்டிய பிறகு, சொந்தமாக ஒரு ஜோடி வாங்குவதென்று முடிவு செய்து, இரண்டு நாள்களில் ஐந்து ஜோடிகளை டெமோவாக, அதாவது கடைகள் சோதித்துப் பார்க்கக் கட்டணத்துக்குத் தரும் ஜோடிகளாக, எடுத்துச் சறுக்கிப் பார்த்தேன். அவற்றுள் முதல் நாள் ஏறக்குறைய முழுவதும் வீணாயிற்று. இறுதியில் நான் வாங்கிய ஸ்கீயையே அன்று "எனக்கு ஒத்துவராது" என்று எழுதி ஒதுக்கியிருந்தேன் என்றால், எவ்வளவு தவறாகச் சோதித்தேன் என்பது விளங்கும். நீலச் சதுரக் குறியிட்ட நடுத்தரக் கடினப் பாதைகளில் இரு ஸ்கீகளையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரிந்த, ஆனால் இதுவரை ஸ்கீ வாங்கியிராத பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: பூட்

சொந்தப் பூட் (ஸ்கீயில் மாட்டிக்கொள்ளும் கடினமான காலணி) இல்லாதவர்கள் ஸ்கீயைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முதலில் பூட்டை வாங்குங்கள். வாடகைப் பூட்டுக்குள் குதிகால் எழும்பி எழும்பி அமர்ந்துகொண்டிருந்தால், ஸ்கீ தாமதமாகத் திரும்புகிறதா, கால் கொடுக்கும் அழுத்தம் அதற்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறதா என்று பிரித்தறிய வழியே இல்லை. பூட் இருந்தால், அதன் குதிகால் பகுதியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மூன்றிலக்க எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பூட் அடிப்பகுதியின் நீளம், மில்லிமீட்டரில், என்னுடையது 285. கடையில் கேட்டு வாங்கும் 23.5 போன்ற எண் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: எவற்றைச் சோதிப்பது

பாதத்துக்கு அடியில் ஸ்கீ மிகக் குறுகலாக இருக்கும் இடத்தின் அளவை இடுப்பு அகலம் என்கிறார்கள். சமன்செய்த பாதை, கலைந்த பனி என்று மலையில் எல்லா இடத்துக்கும் ஏற்ற ஆல்-மவுண்டன் வகையில் அது பெரும்பாலும் 80 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். கிழக்குக் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பக்கம் பனி இறுகிக் கண்ணாடிபோலக் கிடக்கும் நாள்கள் மிகுதி என்பதால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரைந்து சாயும் 80-களின் அகலமே அங்கு வசதி. விஸ்லரில் விழுவது பசிபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் கனத்த பனி. காலையில் இயந்திரம் சமன்செய்து வைத்த பாதை, மதியத்துக்குள் வெட்டுப்பட்டுக் கட்டிகட்டியாகிவிடும். ஆகவே நான் 88-இல் தொடங்கி 96 வரை எடுத்துக்கொண்டேன்: பிளிஸார்ட் பிளாக் பேர்ல் 88, நார்டிக்கா சான்டா ஆனா 93, வோல்கல் சீக்ரெட் 96 ஆகியவற்றோடு வேறு இரண்டு. என் உயரம் 158 செ.மீ., எடை 61 கிலோ. நீளத்தை 156-க்கும் 165-க்கும் இடையிலேயே வைத்துக்கொண்டேன். அகலத்தையும் நீளத்தையும் ஒருசேர மாற்றினால் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

"பெண்களுக்கானது" என்ற பெயர்ப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில நிறுவனங்கள் உள்ளே இருக்கும் மரத்தை இலகுவாக்கி, உலோகத் தகட்டைக் குறைத்து, பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் அமரும் இடத்தைச் சற்று முன்னே தள்ளி உண்மையாகவே வேறு ஸ்கீயாகச் செய்கின்றன; சில, ஆண்களுக்கான அதே அமைப்பின்மேல் வேறு நிறத்தைப் பூசிக் குட்டையான நீளங்களில் விற்கின்றன. இரண்டாவது வகையை நான் குறைசொல்ல மாட்டேன், ஏனெனில் வேகமாகச் சறுக்கும் பெண்ணுக்கு அதுவே பொருந்தலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். டைட்டனல் என்னும் அலுமினியக் கலப்பு உலோகத் தகடு உண்டா, இல்லையா என்று கடையில் கேளுங்கள். தகடு உள்ளது வெட்டுப்பட்ட பனியில் அதிராமல் போகும். ஆனால் குறைந்த வேகத்தில் திருப்புவதற்குக் கூடுதல் உழைப்பைக் கேட்கும். பட்டியலில் இரு வகையும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: கடையில்

சனி, ஞாயிறுகளைத் தவிர்த்து வார நாளில் போங்கள். படிவத்தில் எடையைக் குறைத்து எழுதாதீர்கள். வயது, உயரம், எடை, பூட் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டுதான் பைண்டிங் எந்த விசையில் பூட்டை விடுவிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கூச்சத்தால் எட்டுக் கிலோவைக் குறைத்து எழுதிய என் தோழிக்கு, விழாமலேயே இரண்டு முறை ஸ்கீ கழன்றது.

நான் இடறியது இதற்கு அடுத்த இடத்தில். டெமோ ஸ்கீயில் இருக்கும் பைண்டிங், பல பூட்டுகளுக்குப் பொருந்தும்படி ஒரு தடத்தின்மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. பெரும்பாலானவற்றில் விரல் பக்கத் துண்டு, குதிகால் பக்கத் துண்டு ஆகிய இரண்டுமே நகரும். இரண்டின் அருகிலும் பூட் நீளத்துக்கான எண்கள் வரிசையாக இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் நிறுத்தினால்தான் பூட்டின் நடுக்கோடு, ஸ்கீயில் தயாரிப்பாளர் இட்டிருக்கும் கோட்டின்மேல் அமரும். எனக்குக் கொடுத்தவர் அன்றைய அவசரத்தில், முந்தைய வாடிக்கையாளருக்காக 305-இல் இருந்த முன்துண்டை அப்படியே விட்டுவிட்டு, பின்துண்டை மட்டும் நகர்த்தி என் பூட்டைப் பூட்டிவிட்டார். பூட் இறுக்கமாகவே பொருந்தியது. எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

கணக்கைப் பாருங்கள். முன்துண்டு 20 மி.மீ. நீளமான பூட்டுக்குரிய இடத்தில் நின்றதால், அதில் பாதியான 10 மி.மீ. அளவுக்கு நான் நடுக்கோட்டுக்கு முன்னே தள்ளி நின்றிருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். மலையில் அது வேறு ஸ்கீயாகவே இருந்தது: எனக்கு முன்னால் ஸ்கீயே இல்லாததுபோல முனை குட்டையாகத் தோன்றியது, திருப்பத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது, ஆனால் முடிக்கும்போது வால் பகுதி நீண்டு பனியில் மாட்டிக்கொண்டு விடுபட மறுத்தது. நான் ஸ்கீயைக் குறைசொல்லி எழுதிவைத்தேன். மறுநாள் வேறொரு கடையில் அதே மாதிரியை அதே நீளத்தில் எடுத்தபோது, அங்கிருந்த பெண் இரு எண்களையும் விரலால் சுட்டிக் காட்டி உறுதிசெய்த பிறகே கொடுத்தார். முதல் திருப்பத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது.

எனவே ஸ்கீயைக் கையில் வாங்கியதும் முன் எண், பின் எண், பூட்டில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு பூட்டின் பக்கவாட்டில் உள்ள நடுக்கோடு ஸ்கீயின் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நீங்களாகத் திருகியைத் தொடாமல் அவர்களிடமே கொடுங்கள், ஏனெனில் பின்துண்டின் அழுத்தத்தையும் அவர்கள் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது விளிம்பு. நகத்தின் மேற்பரப்பை எஃகு விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் தூள் உதிர வேண்டும். உதிரவில்லையென்றால் அது மழுங்கிய ஸ்கீ, கெட்டிப்பனியில் நழுவும், அந்த நழுவலை மாதிரியின் குணமென்று எழுதிவைப்பீர்கள். தீட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு ஜோடியைக் கேளுங்கள்.

நான்காம் படி: மலையில்

மலைமேல் ஏற்றிச் செல்லும் இருக்கை லிஃப்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். நான் விஸ்லரின் இரு மலைகளில் ஒன்றான பிளாக்கோமில் ஜெர்சி கிரீம் லிஃப்டை எடுத்துக்கொண்டேன். சமன்செய்த அகலமான நீலப் பாதையும், அதன் ஓரத்தில் கலைந்த பனியும் ஒரே இறக்கத்தில் கிடைத்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று இறக்கங்கள் போதும். முதலாவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கால் பழகுவதற்கு அது வேண்டும். இரண்டாவதில் சமன்செய்த பாதையில் நீண்ட திருப்பங்கள், பிறகு குறுகியவை. மூன்றாவதில் ஓரத்துக் கலைந்த பனி, முடிந்தால் மேடுபள்ளங்கள். லிஃப்டில் அமர்ந்ததும் கையுறையைக் கழற்றாமல் கைபேசியில் குரலாகப் பதிவு செய்துகொள்வதே என் விருப்பம். இதற்கென்று இருக்கும் மதிப்பெண் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. "வால் விடவில்லை, தொடை எரிகிறது" என்ற ஒரு வாக்கியம் பத்துக்கு ஏழு என்பதைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

நாளின் கடைசியில், காலையில் முதலாவதாக எடுத்த ஜோடியைத் திரும்ப எடுத்து ஓர் இறக்கம் சறுக்குங்கள். மாலையில் பனியும் மாறியிருக்கும், கால்களும் களைத்திருக்கும். காலையில் அருமையாக இருந்த ஸ்கீ இப்போது முரடாகத் தெரிந்தால், மதியத்துக்குப் பின் சோதித்தவற்றுக்கு நீங்கள் எவ்வளவு குறைவான மதிப்புக் கொடுத்திருப்பீர்கள் என்று அறிந்து திருத்திக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், தங்கள் பூட் டெமோ பைண்டிங்கில் சேரவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தனர். இருவருடையதும் கிரிப்வாக் அடிப்பகுதி கொண்ட பூட். நடப்பதற்கு எளிதாக வளைத்துச் செய்த அந்த அடிப்பகுதியைப் பழைய பைண்டிங்குகள் பல ஏற்பதில்லை. பூட்டிலும் பைண்டிங்கிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் இதை எழுதாமல் விட்டதற்குக் காரணம், என்னுடையது பழைய தட்டை அடிப்பகுதி என்பதே.

வாங்கும்போது

டெமோக் கட்டணத்தை வாங்கும் விலையில் கழிப்பீர்களா என்று கேளுங்கள். பல கடைகள் கழிக்கின்றன. நீங்கள் சறுக்கிப் பார்த்த மாதிரி முந்தைய ஆண்டினுடையது என்றால், புதியதில் அமைப்பு மாறியிருக்கிறதா, மேற்பூச்சின் நிறம் மட்டும் மாறியிருக்கிறதா என்று விசாரியுங்கள்; நிறம் மட்டும்தான் என்றால், மார்ச், ஏப்ரல் மாதத் தள்ளுபடியில் பழையதையே எடுப்பது நல்லது. தடத்தோடு கூடிய டெமோ பைண்டிங் சற்றுக் கனமானது, பாதத்தையும் சற்று உயர்த்தி வைப்பது. சாதாரண பைண்டிங்கைப் பொருத்திய பிறகு அதே ஸ்கீ கொஞ்சம் இலகுவாகத் தோன்றும். துளையிடுவதற்கு முன், எந்தக் கோட்டில் நின்று சோதித்தீர்களோ அதே கோட்டில் பொருத்தும்படி வேலைச்சீட்டில் எழுதச் செய்யுங்கள். நான் எழுதச் செய்தேன். பொருத்தி வந்த அன்று என் பூட்டை வைத்துப் பார்த்தும் கொண்டேன்.