ஐடென்ற் பக்கத்தில் பழைய ஏய்ராக்: என் அனுபவம்

எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டரில் சென்னை–பலாலி பறப்பு. சிம்பிரீஃப் என்ற பறப்புத் திட்டத் தளத்தில் எடுத்த வழித்தடத்தை எஃப்எம்சியில் (விமானத்தின் வழிகாட்டும் கணினியில்) போட்டால் ஒரு வேபொயின்ற் (வழிப்புள்ளி) மட்டும் ‘நொட் இன் டேட்டாபேஸ்’ என்று நிற்கும். புது ஏய்ராக் (வழிகாட்டல் தரவுத் தொகுப்பு) போட்ட பிறகும் எஃப்எம்சியின் ஐடென்ற் பக்கத்தில் பழைய சுழற்சி எண்தான்.

தரவிறக்கம் பழுதாகிவிட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன். கிளிநொச்சியில் எங்கள் பக்கம் சிக்னல் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் உருப்படி. முழித்திருந்து போன் ஹொட்ஸ்பொட்டில் மறுபடி இறக்கினேன். அதே கதை. விமானத்தை அழித்துத் திரும்ப நிறுவியதும் வீண்.

பிறகுதான் சிமுலேட்டரின் கஸ்டம் டேட்டா போல்டரைத் திறந்து பார்த்தேன். ஏய்ராக் ஸிப்பை விரிக்கும்போது அதன் பெயரிலேயே இன்னொரு போல்டர் உள்ளே உருவாகியிருந்தது. எர்த்_நாவ்.டாட், எர்த்_ஃபிக்ஸ்.டாட், சிஐஎஃப்பி போல்டர் எல்லாம் அதற்குள். சிமுலேட்டர் கஸ்டம் டேட்டாவுக்குள் நேரடியாக இருப்பதைத்தான் பார்க்கும். அங்கே இல்லையென்றால் தன்னோடு வந்த பழைய தரவைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

எல்லாவற்றையும் ஒரு படி மேலே நகர்த்தி, சிமுலேட்டரை முழுக்க மூடித் திறந்தேன். எண் மாறியது, வேபொயின்றும் ஏறியது. அப்பாடா!

பழையதை அழிக்கும்போது யூசர்_நாவ்.டாட், யூசர்_ஃபிக்ஸ்.டாட் இருந்தால் தொடாதீர்கள்; அவை நீங்களே சேர்த்தவை. ஏய்ராக் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். 2501 என்றால் 2025இன் முதல் சுழற்சி, ஜனவரி 23இல் தொடங்கியது. சில விமானங்கள் தங்கள் போல்டருக்குள்ளேயே தனித் தரவு வைத்திருக்கும், அதை வேறாகத்தான் மாற்றவேண்டும்.