வாளையாறு தாண்டிக் குடிவரும் காதுகேளாதவர்களுக்கு: மருத்துவமனைக்குப் போகும் முன்

கோவை–பாலக்காடு எல்லையில் உள்ள வாளையாறு தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "பாலக்காட்டில் தமிழ் பேசினால் போதும், சமாளித்துவிடலாம்." காது கேட்கிறவர்களுக்கு அது உண்மைதான். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் போனால் ஊரே தமிழ். கஞ்சிக்கோட்டில் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் என்று பலரும் நம்மிடம் தமிழில் பேசுவார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பேச்சு காதில் விழாதவருக்கு எழுத்து மட்டும்தான் மிச்சம். அந்த எழுத்து இங்கே மலையாளம்.

முதலில் அலுவலக வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வாங்கிய மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யூ.டி.ஐ.டி.) இந்தியா முழுவதும் செல்லும், இங்கே புதிதாக எடுக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் ஆதாரைக் காட்டி ஓ.பி. சீட்டு போடும்போதே அந்த அட்டையையும் நீட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 25ஆம் பிரிவு, சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. முணுமுணுப்பவர்களிடம் பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் குரல் இறங்கும். டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுவார்கள் என்பதால் நர்ஸின் பார்வையில் படும்படி உட்காருங்கள். கேரள அரசின் சுகாதார உதவி எண் 1056. பேசினால் பதில் சொல்வார்கள். பேச்சே கேட்காதவருக்கு அதனால் என்ன லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது எங்களைப் படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். என் கொழுந்தனாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உதட்டைப் பார்த்தே தமிழைப் பிடித்துக்கொள்வார், அதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உதட்டில் பாதிக்கு மேல் ஊகம்தான். 'படி'யும் 'மடி'யும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் முகக்கவசமும் மலையாளமும் சேர்ந்துகொண்டால் மிஞ்சுவது தலையாட்டல் ஒன்றுதான்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக்கொடுத்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. பக்கவிளைவைக் குறைக்க வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. இரண்டும் மஞ்சள், இரண்டும் சிறியவை. மருந்துக்கடைப் பெண் வாரம் ஒருமுறை என்பதை வாயால் சொல்லிவிட்டு, கவரில் 1-0-0 என்று மட்டும் எழுதினார். இவர் தலையாட்டினார். அந்தப் பெண்ணும் புரிந்துவிட்டது என்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். 1-0-0 என்றால் தினமும் காலையில் ஒன்று என்பதுதானே நாட்டு வழக்கம்? தினமும் காலையில் ஒன்று விழுங்கியிருக்கிறார். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கக்கூட முடியாமல், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, கோவைக்குக் கொண்டுபோய் முறிவு மருந்து ஏற்றித்தான் ஆளைத் தேற்றினோம். இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பொள்ளாச்சியில் எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணன் ஒவ்வொரு கவரிலும் "காலை, சாப்பிட்ட பின்" என்று பேனாவை அழுத்தி எழுதுவார். அன்றைக்கு அவர் நினைப்பு வராமல் போகுமா?

ஆகவே, காதுகேளாதவர் தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக்கூடாதே என்று ஆட்டுகிற தலை அது. எந்த மாத்திரை, எந்தக் கிழமை, எத்தனை என்று அவரையே திருப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வார மாத்திரை என்றால் சீட்டில் கிழமையின் பெயரை எழுதி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். மலையாளத்தில் எழுதினாலும் பரவாயில்லை, ஏழு கிழமைகளையும் இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்திருந்தால் அதில் வட்டம் போட்டு வாங்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் வசதி உதவும், ஆனால் கடைச் சந்தடியில் மருந்துப் பெயரைக் கண்டபடி மாற்றி எழுதும். மருந்துப் பெயருக்கு அதை நம்ப வேண்டாம்.

வீட்டார் கூடப் போனாலும் ஒரு தொல்லை இருக்கிறது. டாக்டர் நம்மைப் பார்த்தே பேசுவார். நாமும் பாதியை விழுங்கிவிட்டு "ஒன்றுமில்லை" என்று கையைக் காட்டுவோம். என் மாமியார் அதில் தேர்ந்தவர். "அவரைப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை, ஒப்புதல் கையெழுத்து என்று வந்தால் சைகை மொழி தெரிந்தவர் அவசியம். திருவனந்தபுரத்தில் உள்ள நிஷ் (தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம்) நல்ல நிறுவனம்தான், ஆனால் அவசரத்துக்கு அவ்வளவு தூரம் யார் போவது? அதைவிட இங்குள்ள காதுகேளாதோர் நண்பர்களை முதல் மாதத்திலேயே தேடிப் பழகிவிடுங்கள். தமிழ்நாட்டுச் சைகைக்கும் கேரளச் சைகைக்கும் சில சொற்களில் வேறுபாடு உண்டு. இருந்தாலும் கொழுந்தனாரும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர் ஒருவரும் சந்தித்த அன்றே மணிக்கணக்கில் கதையடித்தார்கள். இத்தனை ஆண்டு இங்கே இருந்தும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்னால் மலையாளத்தில் அப்படிப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சைகையை மொழிபெயர்த்துப் பேச வரும் ஆளின் எண்கூட அந்தச் சித்தூர்க்காரர் மூலமாகத்தான் கிடைத்தது. இப்போது வீடியோ அழைப்பிலேயே வேலை முடிகிறது.

கடைசியாக, பதிவு செய்யும்போது அண்ணன் எண், அண்ணி எண் என்று கொடுக்காமல் நோயாளியின் எண்ணையே கொடுங்கள். பக்கத்தில் "காது கேட்காது, அழைக்க வேண்டாம், செய்தி அனுப்பவும்" என்று எழுதச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு தயார் என்று கொழுந்தனார் பையிலிருந்த போன் நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்த கூத்தும் எங்களுக்கு நடந்திருக்கிறது.