பிடிபட்ட கப்பலில் இருந்த வெள்ளி யாருடையது: வழக்கு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலும் சேலத்திலும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் போர்க்காலக் கப்பல் வழக்கு ஒன்றை எடுத்தால், வருசா வருசம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சறுக்கிய இடம் அது. கப்பல் பெயரை மாற்றி எழுதுவது, அவுன்ஸைக் கிலோவாக்கும்போது தப்புவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை இவை.

நட்டம் யாருக்கோ, சரக்கும் அவருக்கே என்பது

போரில் பிடித்த கப்பலையும் சரக்கையும் பற்றித் தீர்ப்புச் சொல்வது பிரைஸ் கோர்ட். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, பிடித்த நேரத்தில் சரக்கின் உடைமை யாரிடம் இருந்தது என்பது. நம் பிள்ளைகள் எழுதுவதோ, யாருடைய காசு போச்சு என்பதற்கான பதில். மொத்த வாதமும் இதில்தான் கவிழ்கிறது.

1914-இல் அமெரிக்காவிலிருந்து கோதுமை ஏற்றிவந்த 'மிராமிச்சி' வழக்கை முதலில் படியுங்கள். வாங்குபவர்கள் ஜெர்மானியர்கள். பணம் கட்டினால்தான் பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்கான சீட்டு, அதைக் காட்டுபவரே சரக்கைக் கேட்டு வாங்கலாம்) கைக்கு வரும். போர் வந்துவிட்டதால் அவர்கள் பணம் கட்டவில்லை, பேப்பரை எடுக்கவுமில்லை. ஆகவே உடைமை அமெரிக்க விற்பனையாளரிடமே நின்றது. சரக்கு அவர்களுக்கே விடப்பட்டது. நட்டத்தின் பொறுப்பு யார் தலையில் என்பது ஒரு குறிப்பு மட்டுமே, அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று நீதிபதி சாமுவேல் எவன்ஸ் தெளிவாகச் சொன்னார்.

அடுத்து 'ஒடெசா'. அதே வருசம் ஆகஸ்டில் பிடிபட்ட ஜெர்மன் கப்பல், சிலி நாட்டு நைட்ரேட் சரக்கு. சரக்கை வாங்கியது ஜெர்மன் நிறுவனம். அதற்கு லண்டன் வங்கி ஒன்று, போருக்கு முன்பே, பில் ஆஃப் லேடிங்கை ஈடாக வைத்துக் கடன் பொறுப்பேற்றிருந்தது. "ஏனுங்க, பேப்பர் பேங்க் கையில, காசும் பேங்க் காசு, அப்புறம் சரக்கு மட்டும் எப்படி எதிரியோடதாகும்?" என்று கேட்பார்கள். அடகுக்கடையை நினைத்துப் பாருங்கள். கொலுசு கடைக்காரரின் பெட்டியில் இருக்கிறது, சீட்டும் அவர் எழுதியது. ஆனாலும் கொலுசு அடகு வைத்தவருடையதுதான். மேல்முறையீட்டைக் கேட்ட பிரிட்டனின் பிரிவி கவுன்சில் அப்படித்தான் பார்த்தது: ஈடு பிடித்தவரின் உரிமையைப் பிரைஸ் கோர்ட் கணக்கில் எடுக்காது, சரக்கு பறிமுதல். அரசு கருணையாக ஏதாவது கொடுத்தால் உண்டு. உரிமையாகக் கேட்க முடியாது.

வெள்ளி வழக்கில் இது இன்னும் வலிக்கும். வெள்ளிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள்: அனுப்பியவர் ஒருவர், முன்பணம் கொடுத்தவர் ஒருவர், காப்பீடு செய்தவர் ஒருவர். மூவரும் கோர்ட்டுக்கு வந்து "என் வெள்ளி" என்பார்கள். அதனால் வாதம் எழுதும் முன் நான்கு தேதிகளை ஒரே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்: சரக்கு ஏற்றிய தேதி, போர் தொடங்கிய தேதி, பேப்பர் கைமாறிய தேதி, கப்பல் பிடிபட்ட தேதி. மூன்றாவது தேதி மற்ற மூன்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

நடுக்கடலில் விற்றதை விற்பனையாக எண்ணுவது

சமாதான காலத்தில் அந்த விற்பனை செல்லும். ஏற்றும்போது எதிரியுடையதாக இருந்த சரக்கைப் போர் வந்தபின் வழியிலேயே நடுநிலை (போரில் சேராத நாட்டு) வணிகருக்கு எழுதிக் கொடுத்தால், போய்ச் சேரும்வரை அது எதிரிச் சரக்கே என்பது பழைய ஆங்கிலப் பிரைஸ் கோர்ட் நீதிபதி ஸ்டோவல் பிரபு காலத்திலிருந்து வரும் விதி. இல்லாவிட்டால் போர்க்கப்பலின் பாய் தெரிந்ததுமே கடல் முழுக்க விற்பனை நடந்திருக்கும்.

வெள்ளியைக் கோதுமை மாதிரி நடத்துவது

1652-இல் ஆங்கில–டச்சுப் போரின்போது சாம்சன், சால்வடோர், ஜார்ஜ் என்ற மூன்று கப்பல்கள் ஸ்பெயின் வெள்ளியோடு ஆங்கிலேயரிடம் பிடிபட்டன. பேப்பரில் இருந்தது டச்சுக்காரர் அல்லாதவர்களின் பெயர்; உள்ளே டச்சுப் பணம் என்பது ஆங்கிலத் தரப்பின் சந்தேகம். விட்டுவிடக் கூடாது என்று தாமஸ் வயலட் என்ற லண்டன் பொற்கொல்லர் விடாமல் வாதாடினார். வெள்ளி லண்டன் கோபுர நாணயச் சாலைக்குப் போனது. உருக்கியபின் எந்தக் கட்டி யாருடையது என்று சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரராலும் சொல்ல முடியாது. பெட்டிக் குறி, கட்டி எண், எடை, தரம் இந்த நான்கும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா என்பதை உருக்கும் முன்பே கோருபவர் காட்டியாக வேண்டும். காட்ட வேண்டிய சுமை எப்போதும் கோருபவர் மேல்.

கொடியை மட்டும் பார்ப்பது

1856 பாரிஸ் பிரகடனத்தின்படி நடுநிலைக் கொடியின் கீழ் வரும் எதிரிச் சரக்கும், எதிரிக் கொடியின் கீழ் வரும் நடுநிலைச் சரக்கும் தப்பும், தடை செய்யப்பட்ட போர்ச்சரக்கு தவிர. ஆனால் எதிரிக் கப்பலில் இருந்தால், மறுத்துக் காட்டும்வரை சரக்கு எதிரியுடையது என்றே கோர்ட் தொடங்கும்.

பாஸ்போர்ட்டை நீட்டுவது

சரக்குக்காரர் எதிரியா இல்லையா என்று பார்க்க, பிரிட்டிஷ், அமெரிக்கக் கோர்ட்டுகள் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்காது; எங்கே குடியிருந்து வியாபாரம் செய்கிறீர்கள் என்றுதான் கேட்கும்.

மூழ்கியதைப் பிடிபட்டதோடு சேர்ப்பது

1942 நவம்பர் 23-இல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போன 'திலாவா'வை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகள். குண்டு போட்டு மூழ்கடித்தவனுக்கு உடைமை போகாது. பிரைஸ் கோர்ட்டுக்கும் வேலையில்லை. 2017-இல் கட்டிகளை மேலே எடுத்த நிறுவனம் மீட்புக் கூலிக்கு வழக்குப் போட்டது. அந்த வெள்ளி வணிகப் பயன்பாட்டில் இருந்ததல்ல, ஆகவே தென்னாப்பிரிக்காவுக்கு அரசு விலக்குரிமை (அயல்நாட்டுக் கோர்ட்டில் வழக்குக்கு உட்படாத உரிமை) உண்டு என்று 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

'கெர்சப்பா'வில் கதை வேறு. இந்தப் பிரிட்டிஷ் கப்பல் வெள்ளியோடு கல்கத்தாவிலிருந்து கிளம்பி 1941 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கியது. போர்க்கால ஆபத்துக் காப்பீட்டில் பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்ததால், வெள்ளி அரசின் கைக்கு வந்தது. அந்த உரிமையில்தான் மீட்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, செலவு போக மீதியில் 80 சதவீதத்தை அதற்கே கொடுத்தது. ஒடெசாவில் காசு கொடுத்தவருக்குச் சரக்கு வரவில்லை, இங்கே வந்தது. அங்கே கொடுத்தது ஈட்டுக் கடன், இங்கே கொடுத்தது முழு இழப்பீடு. இரண்டையும் ஒரே பத்தியில் மேற்கோள் காட்டிவிட்டு இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால், எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே உங்களை உட்கார வைத்துவிடும்.