எத்தனாவது ஸ்டேஜுங்க?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், நம் கொங்குப் பக்கம் சொந்தபந்தமெல்லாம் பார்க்க வந்துவிடும். உட்கார்ந்ததும் கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜுங்க?" பதிலாக வரும் எண்ணை வைத்தே வைத்தியம் பார்ப்பதா, வீட்டோடு வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த எண்ணைத் தப்பாகப் படித்துச் சிகிச்சையைக் கைவிடுவது கொடுமை.

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று இருக்கும். அதை மூன்றாம் ஸ்டேஜ் என்று படித்துவிட்டு வீடே இடிந்து போகும். இரண்டும் வேறு. இயல்பான செல்லிலிருந்து புற்றுச்செல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது கிரேடு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். மார்பகத்தில் ஒரே இடத்தில் நிற்கும் சின்னக் கட்டி கிரேடு 3 ஆக இருந்தும் முதல் ஸ்டேஜிலேயே இருக்கலாம்.

ஸ்டேஜைப் பெரும்பாலான கட்டிகளுக்கு டி, என், எம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். டி என்பது கட்டியின் அளவும் ஆழமும். என் என்றால் பக்கத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது. எம், தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்பது. ஸ்கேன்கள் வர வேண்டும்; சிலருக்கு ஆபரேஷனில் எடுத்த கட்டியையும் நெறிகளையும் பரிசோதித்த பிறகே உறுதியாகும். முதல் நாளே டாக்டர் எண் சொல்லவில்லை என்றால் அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் இந்த ஒப்பீடு. "எங்க பெரியப்பாவுக்கும் நாலாவது ஸ்டேஜுதான், ஆறு மாசம்கூடத் தாங்கல" என்று நோயாளி காதுபடச் சொல்லிவிடுகிறார்கள். பெரியப்பாவுக்கு வந்தது நுரையீரலில், இவருக்கு நிணநீர் மண்டலத்தில் வரும் ஹாட்ஜ்கின் லிம்போமா என்றால் அந்த எண்ணை ஒப்பிடவே கூடாது. ஹாட்ஜ்கின் லிம்போமா நான்காம் ஸ்டேஜில் இருந்தாலும் பலருக்குக் கீமோவில் முழுதாகக் குணமாகிறது. பரவலாக வரும் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோயில், 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அது வேறு உறுப்புக்குப் பரவியிருந்தாலும் ஸ்டேஜ் 2க்கு மேல் போகாது. இரத்தப் புற்றுநோயான லுகேமியாவுக்கு இந்த டி, என், எம் கணக்கே கிடையாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எங்கே தோன்றியது, என்ன வகை என்பதைத்தான். தோலிலும் உறுப்புகளின் உள்வரியிலும் தோன்றுவது கார்சினோமா. எலும்பு, தசை, கொழுப்பில் வருவது சார்கோமா. மார்பகத்தில் தோன்றி எலும்புக்குப் பரவினால் "ரெண்டாவதா எலும்பு கேன்சரும் வந்துருச்சு" என்று கலங்குவார்கள். அது எலும்பில் இருக்கும் மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்குரியதுதான்.

வகை தெரிய பயாப்சி வேண்டும். ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி போன வழியில் செல்கள் சிதறுவது மிக அரிது. விதைப்பை போல ஊசி குத்தக் கூடாத இடங்களில் டாக்டர்களே வேறு வழியில் போவார்கள். தள்ளிப்போட்ட அந்த மாதங்களில்தான் நோய் உண்மையாகவே பரவுகிறது.

காரணம் தேடுவதிலும் தடுமாற்றம் உண்டு. திருப்பூர், ஈரோடு பக்கம் யாருக்கு வந்தாலும் சாயத் தண்ணீரைச் சொல்வார்கள். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை 1895லேயே ஜெர்மனியில் லுட்விக் ரென் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்னார். பென்சிடின் போன்ற ரசாயனங்கள் அதற்குக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. நொய்யல் ஆறு கெட்டது பற்றிய கோபம் நியாயமானதும்கூட. ஆனால் அந்தக் கோபத்தோடு திண்ணையில் உட்கார்ந்து வெத்தலையும் பொயலையும் (புகையிலையும்) மெல்லும்போது, வாய்ப் புற்றுநோய்க்கான நிச்சயமான காரணம் நம் கடைவாயிலேயே இருக்கிறது. பொயலை போடாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதுதான். பீடி, சிகரெட் நுரையீரலோடு நிற்பதில்லை, சிறுநீர்ப்பை வரை போகும். மது, உடல் பருமன், கர்ப்பப்பை வாய்க்கு எச்பிவி வைரஸ், கல்லீரலுக்கு மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பரம்பரையாக வருவது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். "எங்க வீட்ல யாருக்குமில்ல" என்ற தைரியம் உதவாது.

மஞ்சள் விளையும் ஊர் என்பதால் மஞ்சளே மருந்து என்று நம்பிக் கீமோவை நிறுத்துபவர்களும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் புற்றுச்செல்களை என்ன செய்கிறதோ அதை உடம்புக்குள் செய்ய முடிவதில்லை. அது குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. குழம்பில் போடுங்கள். மாத்திரையாகச் சாப்பிடுவதென்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி இல்லையே என்று காத்திருப்பதை எல்லாவற்றையும்விட மோசமான தவறு என்பேன். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மார்பில் வலியில்லாத கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம் எதுவானாலும் போய்க் காட்டுங்கள். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் வீடு வீடாக அழைத்துப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது ஈரோடு அதில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூப்பிட்டால் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் கூச்சப்படாமல் போய்விட்டு வர வேண்டும்.

நோய் உறுதியானதும் காடு தோட்டத்தை விற்க ஓடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடக்கம். அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பயாப்சி ரிப்போர்ட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராமல், அசலைக் கையோடு வைத்திருங்கள்.